ஒரே அடுக்கில் விண்வெளிக்கு: நாசில் எவ்வளவு கைகொடுக்கும்?

மகேந்திரகிரியில் 2024 நவம்பர் 29 அன்று இஸ்ரோ தன் சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சினைத் தரைமட்டக் காற்றழுத்தத்தில் எரித்துப் பார்த்தது. விண்வெளிக்கென வடிவமைத்த அதன் நாசில், அதாவது வாயுத் தாரை வெளியேறும் கூம்பு, மிக அகலம். வாயை எட்டும்போது வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான். வெளியே காற்றின் அழுத்தமோ ஏறத்தாழ 1,000. வெளிக்காற்று உள்ளே நெருக்கித் தள்ள, தாரை சுவரை விட்டுப் பிரியும். ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் பிரிந்தால் நாசில் அதிர்ந்து உடையவும் கூடும். அதனால் தனிப் பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தித்தான் சோதித்தார்கள்.

பல அடுக்கு ராக்கெட்டில் கீழடுக்குக்குக் குறுகிய நாசில், மேலடுக்குக்கு அகன்ற நாசில் என்று வைத்துச் சமாளிக்கலாம். ஒரே அடுக்காகக் கிளம்பிச் சுற்றுப்பாதையை எட்ட வேண்டிய ராக்கெட்டுக்கு அந்த வசதி கிடையாது. எடையிலும் அதற்கு இளக்கமில்லை. ஹைட்ரஜனையே எரித்தாலும் 100 டன்னில் ஏறக்குறைய 89 டன் எரிபொருளும் ஆக்சிஜனுமாகப் போய்விடும். மிஞ்சும் 11 டன்னுக்குள் தொட்டி, எஞ்சின், வெப்பக் கவசம், செயற்கைக்கோள் எல்லாம் அடங்க வேண்டும். உயரத்துக்கேற்ற நாசிலால் எஞ்சின் திறன் ஒரு சதவீதம் கூடினால் கால் டன் அளவுக்கு மிஞ்சும். செயற்கைக்கோளே ஓரிரு டன் என்னும்போது இது சின்ன லாபமல்ல.

இந்த லாபத்துக்காகத்தான் ஒரே அடுக்கு ராக்கெட்டுக்கு முன்னோட்டமான அமெரிக்காவின் எக்ஸ்-33 சோதனை விமானத்துக்கு ஏரோஸ்பைக் எஞ்சினைத் தேர்ந்தார்கள். வழக்கமான நாசிலை உள்வெளியாகப் புரட்டிப் போட்டதுபோல் இருக்கும் அது. ஆப்பு வடிவ உலோகப் பரப்பின் இரு விளிம்பிலும் சிறுசிறு எரியறைகள். தாரை ஒருபுறம் அந்தப் பரப்பைத் தழுவி ஓடும். மறுபுறம் அதற்குக் காற்றே சுவர். தரையருகே காற்று அதை இறுக்கிப் பிடிக்கும். மேலே ஏற ஏறக் காற்று மெலியும், தாரை தானாக விரியும். அசையும் பாகமே இல்லாமல் இவ்வளவும் நடப்பது உண்மையிலேயே அழகான பொறியியல்.

ராக்கெட்டைன் நிறுவனம் செய்த அந்த எஞ்சின் மிசிசிப்பியின் ஸ்டென்னிஸ் மையத்தில் நன்றாகவே எரிந்தது. கைவிட்டது தொட்டி. எடையைக் குறைக்கக் கார்பன் இழைக் கலவையில் செய்த திரவ ஹைட்ரஜன் தொட்டியை 1999 நவம்பரில் சோதித்தபோது உள்தோலில் நுண்வெடிப்புகள் விழுந்தன. அவற்றின் வழியே தேன்கூட்டுச் சுவருக்குள் கசிந்த ஹைட்ரஜன், தொட்டியைக் காலிசெய்தபின் குளிர் தணியத் தணிய விரிந்து தோலைப் பிய்த்துவிட்டது. 2001 மார்ச்சில் நாசா திட்டத்தையே நிறுத்தியது.

ஒரே அடுக்கு ராக்கெட்டை மறுபடி யாராவது முயன்றால், முதலில் மெய்ப்பிக்க வேண்டியது இலகுவான தொட்டியை என்பதே என் கணிப்பு. நாசில் மிச்சப்படுத்தித் தரும் கால் டன்னைக் கனமான தொட்டி ஒன்று மொத்தமாக விழுங்கிவிடும்.