உப்பும் அமிலமும் நிக்கல் உலோகக்கலவைகளை எளிதில் அரிக்காதது ஏன்?

எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறுகாயை நாள்கணக்கில் வைத்தால், அடியில் ஊசிமுனை அளவுக் குழிகள் விழுவதுண்டு. எவர்சில்வரைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். உப்பிலுள்ள குளோரைடு அயனி அதை ஓரிடத்தில் உடைத்தால் போதும். குழிக்குள் அமிலத்தன்மை கூடி, அரிமானம் உள்நோக்கி வேகமெடுக்கும்.

எவர்சில்வரின் அடிப்படையான இரும்பைப்போல் நிக்கல் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. அதோடு குரோமியம், மாலிப்டினம், தாமிரம் ஆகியவற்றைப் பெருமளவில் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கரைந்த ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றும் அமிலங்களுக்கு எதிராகக் குரோமியம் படலம் அமைக்கிறது. மாலிப்டினம் குழி விழுவதைத் தடுக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் எதிர்க்கிறது.

சூழலுக்கேற்பக் கலவை மாறும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மோனெல் கலவையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நிக்கல். மீதி பெரும்பாலும் தாமிரம். ஓடும் கடல்நீரையும், கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோபுளூரிக் அமிலத்தையும் அது தாங்குகிறது. ஆகவே கடல்நீர் பம்புகளின் தண்டுகளும் வால்வுகளும் மோனெலில் செய்யப்படுகின்றன. ஹாஸ்டலாய் சி-276 கலவையில் குரோமியமும் மாலிப்டினமும் தலா 16 சதவீதம் அளவில் உள்ளன. ரசாயன ஆலைகளின் வினைகலன்களுக்கும், அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டையாக்சைடை நீக்கும் கருவிகளுக்கும் அது பயன்படுகிறது.

எல்லாவற்றையும் தாங்கும் கலவை எதுவுமில்லை. குரோமியம் இல்லாத மோனெலை நைட்ரிக் அமிலம் விரைவில் அரித்துவிடும். அதனால் எந்த அமிலம், எவ்வளவு செறிவு, என்ன வெப்பநிலை என்று பார்த்தே கலவை தேர்ந்தெடுக்கப்படுகிறது.