குட்டியானையில் கடை போடுகிறீர்களா? வெளிச்சத்தோடு வயரையும் கவனியுங்கள்!

மாலை 6 மணி ஆனால் போதும். பைபாஸ் ஓரத்திலும், ஐ.டி. கம்பெனி வாசலிலும், கடற்கரைச் சாலையிலும் வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும். காய்கறி மூட்டையும் சிமென்ட்டும் ஏற்றுகிற அதே ரக வண்டிகள்தான். பக்கவாட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தினால் அது கூரை. மடக்கி வைத்த பலகையை இறக்கினால் டேபிள். கடைசியாக ஒரு ஸ்விட்ச். சுற்றிலும் எல்.இ.டி. விளக்குகள் எரிந்ததும் தோசைக் கடையோ, பிரியாணிக் கடையோ, ஜூஸ் கடையோ ரெடி!

டாடா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. 'குட்டியானை' என்று நம் ஊரில் செல்லப்பெயர் வாங்கிய இந்த வண்டியும், அதன் பிறகு வந்த மினி டிரக்குகளும் வேன்களும் இன்று பல குடும்பங்களுக்கு நகரும் கடை. நகையை அடகு வைத்தும், லோன் போட்டும் இதில் இறங்குகிறார்கள். வண்டி, பாடி கட்டும் வேலை, ஸ்டீல் மேடை, அடுப்பு என்று பணம் கரைந்த பிறகு, கடைசியாக வருவது லைட் வேலை. கையில் மிச்சம் இருக்கும் காசில் முடிக்கப்படும் வேலையும் இதுதான்.

இங்கேதான் ஆபத்து. விளக்கு எரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் ஓடும் வயரைப் பலர் பார்ப்பதே இல்லை. கேஸ் சிலிண்டரும், கொதிக்கும் எண்ணெயும், மழையும் ஒன்றாகச் சேரும் இடத்தில், மொத்த முதலீட்டையும் காப்பாற்றுவது சில நூறு ரூபாய் பொருட்கள்தான். அவை என்னென்ன?

12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள்

வீட்டில் வருவது 230 வோல்ட். வண்டி பேட்டரி 12 வோல்ட். தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால், 12 வோல்ட் என்றால் பயமில்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தீ விபத்து என்று வரும்போது கணக்கு வேறு.

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட்ஸ் விளக்கு வீட்டில் எடுக்கும் கரன்ட் கால் ஆம்பியர்தான். அதே 60 வாட்ஸுக்கு 12 வோல்ட் வண்டியில் 5 ஆம்பியர் தேவை. ஏறத்தாழ 20 மடங்கு! வயர் சூடாவதைத் தீர்மானிப்பது இந்த ஆம்பியர்தான். அதனால் வீட்டில் விளக்குக்குப் போடும் மெல்லிய வயர் வண்டிக்குப் போதாது.

ஓர் உதாரணம். வண்டியின் வெளிப்பக்கம் தலா 18 வாட்ஸில் 4 ஃபோகஸ் லைட். மொத்தம் 72 வாட்ஸ், அதாவது 6 ஆம்பியர். பேட்டரியில் இருந்து விளக்கு வரை 6 மீட்டர் தூரம். கரன்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 12 மீட்டர் வயர். 1 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். 'லைட் ஏன் மங்கலா எரியுது?' என்ற கேள்விக்குப் பல வண்டிகளில் பதில் இதுதான். குற்றம் விளக்கில் இல்லை, வயரில்!

வயர் வாங்கும்போது இன்னொரு விஷயம். செம்பு பூசிய அலுமினிய வயரும் மார்க்கெட்டில் கிடைக்கிறது. விலை குறைவு, சூடாவது அதிகம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்கும் ஆட்டோ வயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

பார்க்கிங் லைட் வயரில் கைவைக்காதீர்கள்

அவசர வேலையில் அதிகம் நடப்பது இது. பின்பக்கம் ஏற்கெனவே ஒரு பார்க்கிங் லைட் வயர் இருக்கும். அதைச் சீவி, புது விளக்கின் வயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பார்க்கிங் லைட்டில் வழக்கமாக இருப்பது 5 வாட்ஸ் பல்பு. கம்பெனி கொடுத்த வயரும் அந்த அளவுக்குத்தான். அதில் 72 வாட்ஸை ஏற்றினால் பியூஸ் போகும். மறுபடி போட்டால் மறுபடி போகும். மூன்றாவது முறை யாரோ ஒருவர் பெரிய பியூஸைச் செருகுவார், அல்லது ஒரு வயர்த் துண்டை வைத்துவிடுவார். அதற்குப் பிறகு பியூஸ் போகாது. உருகுவது வயர்தான்.

பியூஸ் விளக்கைக் காப்பாற்ற என்று நினைக்கிறோம். அதன் முக்கிய வேலை வயரைக் காப்பாற்றுவது. அதனால் பியூஸ் அளவு, விளக்கு எடுக்கும் கரன்ட்டைவிடச் சற்று அதிகமாகவும், வயர் தாங்கும் கரன்ட்டைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 6 ஆம்பியர் விளக்குக்கு 10 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். வண்டிகளில் போடும் பிளேடு பியூஸ்களை நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பியூஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் மாட்டினால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க ஆளில்லை.

ரிலே எதற்கு?

டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாக மொத்த கரன்ட்டையும் அனுப்பினால் ஸ்விட்ச் சூடாகிக் கருகும். ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியாகச் சிறிதளவு கரன்ட்தான் போகும். பெரிய கரன்ட் பேட்டரியில் இருந்து பியூஸ், ரிலே வழியாக நேரே விளக்குக்குப் போய்விடும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85-ம் 86-ம் ஸ்விட்ச் பக்கத்துக்கு. ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கு இது மனப்பாடம். நாமும் தெரிந்து வைத்திருந்தால், நடுரோட்டில் லைட் அணையும்போது எங்கே பார்ப்பது என்று புரியும்.

ஓட்டை போடும் முன்...

வெளிப்பக்க விளக்கு என்றால் பாடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. வண்டி குலுங்கக் குலுங்க வயரின் மேலுறையை அறுத்துவிடும். ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் புஷ் கட்டாயம். ஓட்டை போட்ட இடத்தில் பெயின்ட் தொட்டு, சிலிகான் சீலன்ட் அடைத்தால் துருவும் பிடிக்காது, தண்ணீரும் இறங்காது.

வயர் விளக்குக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விடச் சொல்லுங்கள். மழைநீர் வயர் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில், லக் வைத்து அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவது நீடித்து உழைக்கும். டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும்.

விளக்குப் பெட்டியில் ஐ.பி. என்று ஒரு எண் இருக்கும். ஐ.பி.65 என்றால் தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும். வெளிப்பக்கத்துக்குக் குறைந்தது இது வேண்டும். வீட்டுக்குள் ஒட்டும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை வண்டிக்கு வெளியே ஒட்டினால் முதல் மழைக்கே போய்விடும்.

சாப்பாட்டுக் கடைக்கு விளக்கின் நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை அதிகம் இழுக்கும். 3000 கெல்வின் அளவுள்ள இளமஞ்சள் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் குறைவு. சாம்பார் வாளிக்கு நேர் மேலே விளக்கு மாட்டுவதைத் தவிர்த்தால், ஈசல் பறக்கும் நாட்களில் பாதி தலைவலி குறையும்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா?

6 ஆம்பியர் விளக்கு மாலை 6 முதல் இரவு 11 வரை எரிந்தால் 30 ஆம்பியர்-ஹவர் செலவு. ஸ்டார்ட் செய்வதற்கான வண்டி பேட்டரி, சில விநாடிகளுக்கு அதிக கரன்ட் கொடுக்கத் தயாரானது. தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரமே படுத்துவிடும்.

கடைக்கென்று தனி பேட்டரி வைப்பதுதான் சரி. வீட்டு இன்வெர்ட்டருக்குப் பயன்படும் டியூபுலர் பேட்டரி, நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் கொடுக்கத் தகுந்தது. வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகவும், நிற்கும்போது ஸ்டார்ட்டிங் பேட்டரி தனியாகப் பிரியவும் ஓர் ஐசொலேட்டர் போட வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், அசையாமல் கட்டி வைக்க வேண்டும்.

ஒரு மல்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் விளக்கை அணைத்துவிடுங்கள்.

230 வோல்ட் வந்தால் விளையாட்டு வேறு

மிக்ஸி, ஃப்ரிட்ஜ் என்று வரும்போது சிலர் பக்கத்துக் கடையில் இருந்து கரன்ட் எடுக்கிறார்கள், சிலர் ஜெனரேட்டர் வைக்கிறார்கள். கம்பத்தில் கொக்கி போடுபவர்களும் உண்டு. அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

வண்டி நிற்பது ரப்பர் டயரில். பாடியில் 230 வோல்ட் கசிந்தால் தரைக்குப் போக வழி இருக்காது, பாடியிலேயே காத்திருக்கும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று, தட்டு வாங்கக் கை நீட்டும் குழந்தையின் விரல் தகட்டில் பட்டால், அந்த உடல்தான் வழி.

12 வோல்ட் வேலையில் 'எர்த்' என்றால் பாடியோடு இணைக்கும் மைனஸ். 230 வோல்ட்டில் எர்த் என்பது மண்ணுக்குப் போகும் பாதுகாப்பு வயர். பெயர் ஒன்று, வேலை வேறு. மூன்று கோர் கேபிள், பாடிக்கு முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாமல் 230 வோல்ட்டை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் சரியாக இணைந்திருந்தால்தான் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வண்டியின் தரையில்தான் தேங்கும். ரிலே, ஸ்விட்ச், பேட்டரி முனை எல்லாம் சின்னப் பொறி கிளப்பக்கூடியவை. இவற்றைச் சிலிண்டர் இருக்கும் அறையில், தரையோடு தரையாக வைக்க வேண்டாம். தரை மட்டத்தில் காற்றுப்போக்கி கட்டாயம். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியேற்றுங்கள்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும் அளவுக்கு வண்டியை இஷ்டம்போல் மாற்ற முடியாது. 2019-ல் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழி இருக்கிறது. பாடி கட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் தெரியக் கூடாது. ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், இண்டிகேட்டர் போன்றவை தவிர, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் கூடாது. ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்ட முன் அனுமதி வேண்டும். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் விளக்குகள் அவசரப் பணி வண்டிகளுக்கு உரியவை, கடைக்கு வேண்டவே வேண்டாம்.

கடை விளக்குகள் வண்டி நிற்கும்போது மட்டும்தான் எரிய வேண்டும். ஓட்டும்போது மறந்து எரியவிட்டால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும். டாஷ்போர்டில் ஒரு சின்ன இண்டிகேட்டர் லைட் வைத்தால், கடை லைட் எரிவது டிரைவருக்குத் தெரிந்துவிடும். விளக்குகளைச் சாலையை நோக்கித் திருப்பாமல் டேபிளைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

பட்டறையில் இருந்து வண்டி எடுக்கும் முன் 6 செக்கிங்

1. எல்லா விளக்கையும் அரை மணி நேரம் எரியவிட்டு, வயர், பியூஸ் பெட்டி, ஸ்விட்ச் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் வயரிங் தவறு.

2. வெளிப்பக்க விளக்குகள் மீது ஹோஸால் தண்ணீர் அடித்து, விளக்குக்கு உள்ளே ஈரம் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். 230 வோல்ட் இணைப்பு இருந்தால் அதைக் கழற்றிய பிறகுதான் தண்ணீர்.

3. பேட்டரி அருகே பியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் என்று கேட்டு, இரண்டு ஸ்பேர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரையச் சொல்லி, அதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

5. 230 வோல்ட் இருந்தால் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

6. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், அடுப்பைத் தாண்டாமல் எடுக்கும்படி இருக்கட்டும். கடையில் நிற்கும் எல்லோரும் அதைப் பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு போடும்போது விளக்குக்கு ஒரு வரி எழுதினால், வயர், பியூஸ், ரிலே, கூலிக்கு அடுத்த வரி எழுதுங்கள். பட்ஜெட் இடித்தால் ஃபோகஸ் லைட்டில் ஒன்றைக் குறைக்கலாம். அதை அடுத்த மாத வருமானத்தில் மாட்டிக்கொள்ளலாம்.