கார் வண்ணப்பூச்சில் பதிந்த மாசு நீக்கல்

நெடுநாள் கழுவாத காரின் வண்ணப்பூச்சில் தூசு, இரும்புத்துகள் முதலியவை பதிந்து சொரசொரப்பாகிவிடும். தஞ்சாவூர் போன்ற நெல் விளையும் பகுதிகளில் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலும் இதனுடன் சேர்கிறது. நெல் அவிக்கும் கொதிகலன்களில் எரியும் உமியில், எடையில் ஏறத்தாழ 20% சாம்பலாக எஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரியால் பல் துலக்கியவர்களுக்கு அதன் உராயும் தன்மை தெரியும். ஆகவே உலர்ந்த துணியால் துடைப்பதே பெருங்கேடு. துடைத்த இடமெல்லாம் மேல்பூச்சு கீறிவிடும்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சிச் சாம்பலை வழியவிட்டு, பிறகு ஷாம்பூவால் கழுவ வேண்டும். இரும்புநீக்கித் திரவம் தெளித்தால் துகள் பதிந்த இடம் ஊதாவாகும். அதை நன்கு அலச வேண்டும். எஞ்சியதைக் கிளே பார் எனப்படும் களிக்கட்டி பற்றி எடுக்கும். வழுவழுப்பு நீர்மம் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். தரையில் விழுந்த கட்டியை எறிந்துவிடுவதே நல்லது. மேல்பூச்சின் தடிமன் பெரும்பாலும் 0.05 மி.மீ. அளவே என்பதால், பாலிஷ் தேவைப்பட்டால் மட்டும்.