கிருமிக்கொல்லி மருந்துகளைத் தேர்ந்து வழங்கும் முறை

யான் இக்கல்லூரி விடுதியில் வசித்த காலத்தில் எங்கள் அறையில் ஒரு பிஸ்கோத்துத் தகரப்பெட்டி இருந்தது. அதனுள் பிஸ்கோத்து இருந்ததாக எனக்கு நினைவில்லை. நால்வரும் முறையே நோயுற்று எழுந்தபின் எஞ்சிய மாத்திரைகள் யாவும் அதனுட் குடிபுகுந்தன. எவனுக்கேனும் தும்மல் கண்டால் மற்றொருவன் பெட்டியைத் திறந்து ஒரு வர்ணக் குளிகையை எடுத்துக் கொடுப்பான். அது யாது, முன்னர் எவர்க்கு எந்நோயின் பொருட்டு அளிக்கப்பட்டது என்று வினவுவார் இலர். பின்னர் வைத்தியக் கல்வி பயின்று, பல்லாண்டுகளாக நோயாளரைப் பார்த்துவரும் எனக்கு, அத்தகைய பெட்டி இல்லாத விடுதி அரிது என்பது நன்கு தெரியும். ஆதலின், மலருக்கு ஏதேனும் எழுதுக என்று பதிப்பாசிரியர் பணித்தபோது, அப்பெட்டியிற் கிடந்தவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

நோய் விளைக்கும் நுண்ணுயிர்கள் ஓரினத்தன அல்ல. பாக்டீரியா என்பது தனக்கெனச் சுவரும், உணவைப் பக்குவஞ் செய்யும் கருவிகளும் உடைய ஒரு முழு உயிரணு. வைரஸோ அவை ஒன்றும் இன்றி, நம் உயிரணுவினுட் புகுந்து நம் கருவிகளைக் கொண்டே பெருகுவது. பெனிசிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. நம் உயிரணுக்கட்கு அத்தகைய சுவர் இன்மையால் நமக்கு அதனால் ஊறு சிறிது. டெட்ராஸைக்ளின், எரித்ரோமைஸின் முதலியன பாக்டீரியா புரதம் செய்யும் பட்டறையை நிறுத்துகின்றன. ஸல்பா மருந்துகள் அதற்கு வேண்டிய போலிக் அமிலத்தை உண்டாக்கவொட்டாமற் செய்கின்றன. சுவரும் பட்டறையும் இல்லாத வைரஸை இவை என் செய்யும்? ஜலதோஷம், இன்புளூயன்ஸா, டெங்குக் காய்ச்சல் ஆகியவற்றிற்கு இம்மருந்துகளை உண்பது, பூட்டில்லாத கதவிற்குச் சாவி தேடுவது போலாம். உண்டவன் ஐந்தாம் நாள் குணமடைவது உண்மையே. உண்ணாதவனும் அன்றே குணமடைகிறான்.

இம்மருந்துகள் வந்த வரலாற்றைச் சிறிது நோக்குவாம். ஜெர்மானியராகிய டோமாக் என்பார் 1932-இல் பிரான்டோஸில் என்னும் சிவப்புச் சாயம் எலிகளை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியினின்று காப்பதைக் கண்டு, 1935-இல் வெளியிட்டார். கண்ணாடிக் குழாயிற் கிருமியின்மேல் அச்சாயம் யாதொன்றும் செய்யாமையும், உடலினுட் சென்றபின்னரே தொழில்புரிந்தமையும் பலர்க்கு வியப்பாயிருந்தன. பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தார் அவ்வாண்டே அப்புதிரை விடுவித்தனர்: உடல் அச்சாயத்தை உடைத்து, ஸல்பனிலமைட் என்னும் நிறமற்ற பொருளை விடுவிக்கிறது, மருந்து அதுவே. இரண்டாண்டுகள் கழித்து, 1937-இல், அமெரிக்காவில் ஒரு வணிக நிலையத்தார் அப்பொருளை டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சுத் திரவத்திற் கரைத்து இனிப்பூட்டி விற்றனர். நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் குழந்தைகள். புதுமருந்து விற்குமுன் அதன் தீங்கின்மையை மெய்ப்பிக்கவேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 1938-இல் பிறந்தது அதனாலேயே.

பெனிசிலினை 1928-இல் லண்டனில் பிளெமிங் கண்டதை யாவரும் அறிவர். அதனை மருந்தாக்கியோர் ஆக்ஸ்போர்டிலிருந்த புளோரி, செயின், ஹீட்லி முதலியோர். 1941 பெப்ருவரியில் முகமெங்கும் சீழ்கொண்டு கிடந்த ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்னும் காவலர்க்கு அதனை ஏற்றினர். சில நாட்களிற் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவருந்தத் தொடங்கினார். உலகத்திலிருந்த பெனிசிலினோ மிகச் சிறிது. அவர் சிறுநீரினின்றே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை. நோய் திரும்பியது, மார்ச்சு 15-ஆம் நாள் அவர் இறந்தார். மருந்து உண்டு, அளவு போதாது என்னும் நிலையின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை யான் அறியேன். குறைந்த அளவில் உண்பது கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சியளிப்பதாகும் என்று பிளெமிங்கும் 1945-இல் நோபெல் பரிசுச் சொற்பொழிவில் எச்சரித்தார்.

சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1923-இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்களையும் ஈண்டு நினைத்தல் தகும். அவர் ஆராய்ச்சித் தலைவராயிருந்த லெடர்லி நிலையத்திலேதான் டக்கர் என்பார் மண்ணில் வாழும் ஓர் உயிரினின்று ஆரியோமைஸினை எடுத்து 1948-இல் வெளியிட்டார். இன்று நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் வழங்கும் டாக்ஸிஸைக்ளின் அக்குடும்பத்தின் வழித்தோன்றலே.

இனி, தேர்ந்தளிக்கும் முறைக்கு வருவாம். கடைக்குச் சென்று, "கொஞ்சம் பவரானதாகக் கொடுங்கள்" என்று கேட்போர் பலர். அஃது அடியோடு பிழைபட்ட கேள்வி. நோய் உடலில் எவ்விடத்தது, அவ்விடத்தில் நோய் செய்யும் கிருமிகள் எவை, அக்கிருமிகள் இவ்வூரில் எம்மருந்திற்கு அடங்குகின்றன, இந்நோயாளியின் வயது, கர்ப்பம், சிறுநீரகம், முன்னைய ஒவ்வாமை எத்தகையன என்பவற்றை வைத்தியர் உள்ளத்தில் நிறுத்தியே மருந்தைத் தேர்கிறார்.

தொண்டை நோவை எடுத்துக்கொள்வாம். பெரும்பாலும் அது வைரஸால் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வருவது சிறுவரில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது. வளர்ந்தோரில் அதனினும் குறைவு. இருமலும் மூக்கொழுகலும் உடன் இருப்பின் வைரஸ் என்றே ஐயுறலாம். அவை இன்றி, காய்ச்சலும், உள்நாக்குச் சதையில் வெண்படலமும், கழுத்தின் முன்புறத்தில் நோவுடைய நெறிகளும் காணின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று கருத இடமுண்டு. அதற்குச் சிறந்த மருந்து இன்றளவும் பழைய பெனிசிலின், அல்லது அதன் இனமான அமாக்ஸிஸிலின். அந்தக் கிருமி எண்பதாண்டுகளாகியும் பெனிசிலினுக்கு எதிர்ப்புக் கற்கவில்லை என்பது ஒரு வியப்பு. இங்கு மருந்தளிப்பது தொண்டை நோவைத் தணிப்பதற்காக மட்டுமன்று. பின்னர் இருதயத்தின் வால்வுகளைக் கெடுக்கும் வாதஜுரத்தைத் தடுப்பதற்காகவுமாம்.

நீர்க்கடுப்பு மகளிர்க்கு மிகுதியாக வருவது. அதனை விளைப்பது பெரும்பாலும் குடலில் வாழும் ஈ-கோலி என்னும் கிருமி. நைட்ரோபியூரன்டாயின் என்னும் மருந்து சிறுநீரிற் செறிந்து நின்று அதனைக் கொல்லும். இரத்தத்தில் மிகச் சிறிதே தங்கும். ஆகவே மூத்திரப்பைக்கு அது நன்று. சிறுநீரகத்திற்கு நோய் ஏறி, குளிரும் விலாநோவும் கண்டுவிட்டால் அஃது உதவாது. ஒரே கிருமியாயினும் அது தங்குமிடம் மாறின் மருந்தும் மாறும் என்பதற்கு இஃது ஏற்ற உதாரணம்.

வயிற்றுப்போக்கிற்குப் பெரும்பாலும் கிருமிக்கொல்லி வேண்டா. உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரே உயிர் காப்பது. இரத்தமும் சீதமும் கழியினும், வாந்திபேதியில் நீர் பெருகி இழியினும் நிலைமை வேறு. வைத்தியரிடம் விரைதல் வேண்டும்.

குடற்காய்ச்சலின் கதை சுவையானது. 1948-இல் மலாயாவிலுள்ள கோலாலம்பூரில் அமெரிக்க வைத்தியர் சிலர் உண்ணிக்காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகால் என்னும் புதுமருந்தைச் சோதித்து வந்தனர். உண்ணிக்காய்ச்சல் என எண்ணி மருந்து பெற்றோருட் சிலர்க்கு இருந்தது உண்மையில் டைபாய்டு. அவர் வியக்கத்தக்கவாறு நலமடையவே, டைபாய்டுக்கு முதன்முதல் ஒரு மருந்து கிடைத்தது. நாளடைவில் கிருமி அதற்கு எதிர்ப்புக் கற்றது, ஸிப்ரோபிளாக்ஸஸின் வந்தது, அதற்கும் கற்றது. இப்பொழுது அஸித்ரோமைஸினும், ஊசிவழி ஏற்றும் ஸெப்ட்ரையாக்ஸோனுமே பெரிதும் துணை. பாகிஸ்தானத்தில் 2016 முதல் பரவிய ஒருவகை டைபாய்டுக் கிருமி ஸெப்ட்ரையாக்ஸோனுக்கும் அடங்காதது.

அவ்வுண்ணிக்காய்ச்சலோ நம் நாட்டிலும் மழைக்கும் பனிக்கும் உரிய மாதங்களில் மிகுதி. புதரில் வாழும் நுண்ணிய பூச்சி கடித்தவிடத்தில், சுருட்டாற் சுட்டதுபோன்ற கரிய வடு இருக்கும். அக்குள், இடுப்பு முதலிய மறைவிடங்களில் தேடினாலன்றித் தெரியாது. உயர்ந்த விலையுடைய ஸெப்ட்ரையாக்ஸோன் ஊசி இதற்குச் சிறிதும் பயன்படாது. விலை மலிந்த டாக்ஸிஸைக்ளின் இரண்டு மூன்று நாட்களிற் காய்ச்சலை இறக்கிவிடும். நோய் முற்றியவர்க்கு அதனோடு அஸித்ரோமைஸினையும் ஒருங்கே ஏற்றுதல் தனித்தனி ஏற்றுதலினும் நன்று என்பதை வேலூர் வைத்தியர் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-இல் நிறுவிற்று. விலையைக் கொண்டு மருந்தின் வலிமையை அளப்போர் இதனைக் கருதுக.

பக்கவிளைவுகளைப் பற்றிக் கூறுமிடத்து, சிறியன இவை பெரியன இவை எனப் பிரித்துணர்தல் வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கிருமிக்கொல்லிகளும் குடலில் வாழும் நற்கிருமிகளைக் கலக்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கக் கூடும். அது பெரும்பாலும் தானே நிற்கும். நில்லாது பெருகின், க்ளாஸ்ட்ரிடியம் டிபிஸில் என்னும் தீய கிருமி அவ்விடத்தைக் கைப்பற்றியிருக்கலாம். டாக்ஸிஸைக்ளினைச் சிறிது நீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தவர்க்கு அது உணவுக்குழலில் ஒட்டிப் புண் செய்யும். ஒரு குவளை நீரோடு உண்டு அரைமணி நேரமேனும் நிமிர்ந்திருத்தல் வேண்டும். அம்மருந்து உண்ணும் நாட்களில் வெயிலில் தோல் எளிதிற் கன்றும். இரும்புச்சத்து மாத்திரையோடு உண்டால் அது குடலிற் பிணைந்து வீணாகும். நைட்ரோபியூரன்டாயின் சிறுநீரைப் பழுப்பாக்கும். ரிபாம்பிஸின் சிறுநீரையும் கண்ணீரையும் செம்மையாக்கும். இவை அஞ்சத்தக்கன அல்ல. முன்னரே சொல்லாமையால் அஞ்சி மருந்தை நிறுத்தியோரை யான் பார்த்திருக்கிறேன். அங்குக் குற்றம் வைத்தியருடையது.

அஞ்சத்தக்கன வேறு. ஸல்பா மருந்துண்டபின் தோலிற் கொப்புளமும், வாயிலும் கண்ணிலும் புண்ணும் காணின் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு ஓடல் வேண்டும். ஸிப்ரோபிளாக்ஸஸின், லெவோபிளாக்ஸஸின் முதலியன குதிகால் நரம்பை அறுத்துவிடக் கூடும். முதியோர்க்கும், ஸ்டீராய்டு உண்போர்க்கும் இவ்வபாயம் மிகுதி. ஸ்ட்ரெப்டோமைஸின், ஜென்டமைஸின் ஆகியவை சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கும். இழந்த செவிப்புலன் பெரும்பாலும் மீளாது. டைபாய்டை வென்ற குளோராம்பெனிகால், பல்லாயிரவருள் ஒருவர்க்கு எலும்பு மச்சையை அழித்து இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். எவர்க்கு அவ்விதி நேரும் என முன்னறிய வழியில்லை. அம்மருந்து அருகிவிட்டமைக்குக் கிருமியின் எதிர்ப்போடு இதுவும் ஒரு காரணம்.

மீண்டும் அத்தகரப்பெட்டிக்கு வருகிறேன். எங்கள் அறைத் தோழன் ஒருவன், இறுதி வகுப்பிற் படித்தவன், இருமலும் மாலைக்காய்ச்சலும் உற்றான். கடைக்காரர் ஒருவர் சீட்டு ஏதும் கேளாமல் ஐந்து நாட்களுக்கு லெவோபிளாக்ஸஸின் கொடுத்தார். காய்ச்சல் விட்டது, நாங்கள் மகிழ்ந்தோம். மூன்று வாரங் கழித்து இருமல் திரும்பவே, பெட்டியில் எஞ்சியிருந்ததையும், பின்னர்க் கடையில் மேலும் ஐந்து நாள் மருந்தையும் உண்டான். மறுபடியும் விட்டது. நான்காம் மாதம் அவன் இரத்தம் உமிழ்ந்தபோதுதான் சளியைச் சோதித்தனர், க்ஷயரோகம். லெவோபிளாக்ஸஸின் க்ஷயக் கிருமியையும் ஓரளவு அடக்குவது. ஆதலின் அது நோயை ஆற்றாமலே மறைத்தது. அந்நான்கு மாதமும் அவன் எங்களோடு ஒரே அறையில் உறங்கினான். எங்களிற் பிறிதொருவனுக்கும் அடுத்த ஆண்டு அந்நோய் கண்டது. முன்னவனிடமிருந்துதான் வந்தது என்று எவரும் உறுதி கூற இயலாது. எனினும் அந்த இரண்டாம் ஐந்துநாள் மருந்தை வாங்கி வந்தவன் யானே ஆகலின், அதனை எண்ணாத நாள் குறைவு.

இருவரும் ஆறுமாத மருந்தால் முற்றும் நலமுற்றனர். வீட்டிலிருந்தபடியே க்ஷயத்திற்கு மருந்துண்ணலாம், மலைப்பிரதேசச் சானடோரியம் வேண்டா என்பதை உலகிற்குக் காட்டியது, சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமே என்பதை யான் பின்னரே அறிந்தேன். இந்திய அரசாங்கம் 2014 மார்ச்சு முதல் லெவோபிளாக்ஸஸின் உள்ளிட்ட மருந்துகளை எச்-1 என்னும் அட்டவணையிற் சேர்த்து, வைத்தியர் பெயரும் நோயாளர் பெயரும் கடைப் புத்தகத்திற் பதியப்படவேண்டும் என்று விதித்துள்ளது. விதி நன்று, கேட்டவுடன் கொடுக்கும் கடைகள் இன்னும் உள.

எத்தனை நாள் உண்பது என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. எளிய நீர்க்கடுப்பிற்கு நைட்ரோபியூரன்டாயின் ஐந்து நாள் போதும்; ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக்குப் பெனிசிலின் பத்து நாள் என்பது வழக்கு; க்ஷயத்திற்கு ஆறு மாதம். முற்காலத்தில் நெடுநாள் அளித்த பலவற்றைக் குறுகிய நாட்களே அளித்தாலும் போதும் என்று அண்மை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆயினும் அதனைக் குறைப்பதும் கூட்டுவதும் வைத்தியர் தொழில்.

ஒன்று கூறி நிறுத்துகிறேன். "எனக்குப் பெனிசிலின் ஆகாது" என்று சொல்வோர் பலர். அவரை முறைப்படி சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு மேல் அது தீங்கின்றி ஏற்கும். இளமையில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு மருந்தின் தலையில் ஏற்றப்பட்டிருக்கும். மருந்துண்ட சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி, முகம் வீங்கி, மயங்கியவர் கதை வேறு. அவர் அதனை வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு வைத்தியரிடமும் கூறவேண்டும். ஆகவே நீவிர் வைத்தியரிடம் செல்லும்போது, "ஆகாது" என்று மட்டும் சொல்லாது, எம்மருந்து, எவ்வயதில், உண்ட எத்தனை நாழிகையில், என்ன நேர்ந்தது என்பவற்றை உம் தாயாரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்க. முன்னர் உண்ட மாத்திரைகளின் அட்டை தகரப்பெட்டியில் இருப்பின், அதனையும் உடன் எடுத்துச் செல்க.