உறைமோருக்குள் ஒரு யுத்தம்... எதிரியை ‘ஞாபகம்’ வைத்திருக்கும் பாக்டீரியா!

பாலைக் காய்ச்சி, பதமாக ஆறவைத்து, உறையும் ஊற்றியாயிற்று. மணிக்கணக்கில் காத்திருந்தும் பால் பாலாகவே இருக்கிறது. ஐரோப்பா, அமெரிக்காவில் தயிரும் சீஸும் தயாரிக்கும் ஆலைகளுக்கு இது பழைய தலைவலி. ஒரு தொட்டி கெட்டால் ஆயிரக்கணக்கான லிட்டர் பால் வீண். (நம் வீட்டில் தயிர் உறையாவிட்டால் பதற வேண்டாம். அங்கே பெரும்பாலும் குளிர்தான் காரணம்!)

ஆலைகளில் அடிக்கடி சிக்கும் குற்றவாளி, ‘ஃபேஜ்’ எனும் வைரஸ். இது தாக்குவது பாக்டீரியாவை மட்டும்தான். மனித செல்களைத் தாக்காது.

வைரஸுக்குச் சாப்பாடு, சுவாசம் எதுவும் கிடையாது. தானாகப் பெருகவும் தெரியாது. புரதக் கூட்டுக்குள் சுருட்டிவைத்த மரபணுச் செய்தி, அவ்வளவுதான். ஃபேஜ், பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, ஊசி போடுவதுபோலத் தன் மரபணுவை உள்ளே செலுத்துகிறது. பிறகு அந்த பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு வைரஸ்களை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கிறது. கடைசியில் அது வெடித்துச் சிதற, புது ஃபேஜ்கள் அடுத்த இரையைத் தேடிக் கிளம்புகின்றன.

பாக்டீரியா சும்மா இருக்குமா? ஃபேஜ் ஒட்டும் இடத்தையே சில பாக்டீரியாக்கள் மாற்றிக்கொள்கின்றன. அந்நிய டி.என்.ஏ-வை வெட்டும் என்சைம் ‘கத்தரி’களும் உண்டு. தன் டி.என்.ஏ வெட்டுப்படாமல் இருக்க, அதில் வேதியியல் அடையாளம் ஒன்றை முன்பே போட்டு வைத்திருக்கும்.

ஆச்சர்யமே இனிதான். 1987-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இஷினோ குழுவினர், ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ-வில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்கள். எதற்கென்று அப்போது புரியவில்லை. ‘கிரிஸ்பர்’ என்ற பெயரே பின்னால் வந்ததுதான்.

அதன் வேலையைச் சோதித்துக் காட்டியது, ஆலைகளுக்கு உறை தயாரித்து விற்ற டானிஸ்கோ நிறுவனம். அதன் விஞ்ஞானிகள் ரோடால்ஃப் பராங்கூ, ஃபிலிப் ஓர்வாத் உள்ளிட்டோர், தயிர் பாக்டீரியா மீது ஃபேஜை ஏவினார்கள். பிழைத்தவற்றைப் பரிசோதித்தால், அந்த வரிசைகளுக்கு நடுவே ஃபேஜின் டி.என்.ஏ துணுக்குகள்! துணுக்கை நீக்கினால் எதிர்ப்பு போய்விட்டது. சேர்த்தால் திரும்பி வந்தது. 2007-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது.

காவல் நிலையச் சுவரில் ஒட்டிய குற்றவாளி போட்டோ மாதிரிதான் இது. அதே வைரஸ் மறுபடி வந்தால், துணுக்கோடு ஒப்பிட்டு வெட்டித் தள்ளிவிடும். இந்த ஞாபகம் வாரிசுகளுக்கும் போகிறது. ஆனால், ஃபேஜும் லேசுப்பட்டதல்ல. அந்தப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினால்கூட ‘போட்டோ’வை ஏமாற்றித் தப்பிவிடலாம்.

இந்தக் கத்தரியை மரபணுத் திருத்தக் கருவியாக மாற்றிய இமானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. தயிர் விஞ்ஞானிகளுக்குப் பட்டியலில் இடமில்லை, கொஞ்சம் வருத்தம்தான். 2023-ன் இறுதியில், அரிவாள் செல் ரத்தசோகைக்கு கிரிஸ்பர் முறையிலான முதல் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன.