கருத்தடைக் களிம்பால் அரிப்பு வருமா?

குழந்தை இப்போது வேண்டாம் என்று நினைக்கும் தம்பதிகளுக்குப் பல வழிகள் உண்டு. ஆணின் விந்தில் உள்ள உயிரணுக்களைக் கொல்லும் மருந்து அதில் ஒன்று. களிம்பாகவும், நுரையாகவும், மாத்திரையாகவும் இது கிடைக்கிறது. இந்த மாத்திரையை விழுங்கக் கூடாது. உறவுக்குச் சற்று முன்பு, பெண் தன் உறுப்பின் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை உபயோகிக்கும் பெண்கள் சிலருக்கு அரிப்பு எடுக்கிறது. புருஷனிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு. இந்த வெட்கம் வீண்!

அரிப்பு ஏன்?

இந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது நோனாக்சினால்-9. இது சோப்பு போன்றது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோல, உயிரணுவின் மேல் உறையை இது கரைத்துவிடுகிறது.

வம்பு அங்கேதான்! பெண்ணின் உறுப்பில் நன்மை செய்யும் கிருமிகள் குடியிருக்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிக்கு இவை உறவு. புளிப்பை உண்டாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. சோப்புக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியுமா? இந்தக் காவல்காரர்களையும் அது தாக்குகிறது. ஆனால் காண்டிடா என்ற ஈஸ்ட் காளான் அந்த மருந்தைத் தாங்கி நிற்கிறது. சோதனைக்கூடத்தில் இதைக் கண்டிருக்கிறார்கள். காளான் பெருகினால் அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பிபோல வெள்ளைப்படுதல்.

களிம்பு போடும் எல்லோருக்கும் காளான் வந்துவிடாது. சர்க்கரை வியாதி, கர்ப்பம், ஆன்டிபயாடிக் மருந்து ஆகியவற்றாலும் வரும். களிம்போடு இதைவிட உறுதியாகத் தொடர்பு காணப்பட்டிருப்பது நீர்க்கடுப்பு நோய்க்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. காளானே இல்லாமல், மருந்தே தோலைப் புண்ணாக்கி அரிப்பை உண்டாக்கலாம். அப்போது காளான் மருந்தை எவ்வளவு போட்டாலும் தீராது. காசுதான் நஷ்டம். எனவே டாக்டரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வதே நல்லது.

எய்ட்ஸ்

இந்த மருந்து எய்ட்ஸ் கிருமியையும் தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நடந்தது நேர்மாறு! 2000-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடிய மாநாட்டில் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. தினம் பலமுறை உபயோகித்த பெண்களுக்கு எய்ட்ஸ் கிருமி அதிகமாகத் தொற்றியிருந்தது. 2007-ல் அமெரிக்க அரசு, "இது எய்ட்ஸைத் தடுக்காது" என்று பெட்டியின் மேல் அச்சிட உத்தரவிட்டது.

அரிப்பு கண்டவர்கள் களிம்பை நிறுத்தலாம். ஆனால் அன்றே வேறு கருத்தடை முறைக்கு மாறிவிட வேண்டும். ஆணுறைக்கு மாறுகிறவர்கள், இந்த மருந்து தடவாத உறையாகக் கேட்டு வாங்க வேண்டும். காளானுக்குப் போடும் களிம்பில் எண்ணெய் கலந்திருந்தால், அந்த ரப்பர் உறை இற்றுவிடும்.