போர்த்தியதை யார் எடுப்பது?

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்கள் வெயிலில் பளபளக்கும். பாத்தியின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்தான் காரணம். மேலே வெள்ளி நிறம், அடியில் கறுப்பு. கறுப்பு வெளிச்சத்தை மறைப்பதால் களை தலையெடுக்காது. வெள்ளி வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் அசுவினி, இலைப்பேன் வரத்து குறையும். சொட்டுநீரின் ஈரமும் ஆவியாகாமல் நிற்கும். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில், கிணறு வற்றும் கோடையில், இதை விரிக்கும் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் கடைசிப் பறிப்புக்குப் பிறகுதான். செடியைப் பிடுங்கிவிட்டு இழுத்தால், வெயிலில் நைந்த ஷீட் கையளவு கையளவாகக் கிழிந்து வரும். ஓரத்தில் மண் போட்டு அமுக்கிய பகுதி உள்ளேயே தங்கிவிடும். அடுத்த உழவில் ரொட்டவேட்டர் அதைப் பொடிப்பொடியாக்கி மண்ணோடு கலக்கும். தப்பி வந்ததிலும் மண்ணும் வேரும் அப்பியிருப்பதால் பழைய பொருள் கடையில் விலை போகாது. வரப்போரம் குவித்து நெருப்பு வைக்கிறார்கள்.

இந்த ஷீட் எவ்வளவு இருக்கும்? நாலடி அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் கனமுள்ள ஒரு ரோல் சுமார் 11 கிலோ. ஐந்தடிக்கு ஒரு பாத்தி போட்டால் ஏக்கருக்கு ஆறேழு ரோல். எழுபது கிலோவுக்கு மேல். உலகம் முழுக்க 2019-இல் பயிர், கால்நடை உற்பத்தியில் பயன்பட்ட பிளாஸ்டிக் 125 லட்சம் டன் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு.

பிளாஸ்டிக் கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது 2022 டிசம்பர் 31 முதல் நாட்டின் விதி. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரியிலிருந்தே அந்தப் பைக்கே தடை. கடையில் கையில் வாங்கும் பைக்கு இத்தனை கட்டுப்பாடு. சோறு விளையும் மண்ணில் அதைவிட மெல்லிய ஷீட்டை விரிக்க அரசே மானியம் தருகிறது. திரும்ப எடுக்க மட்டும் ஆளில்லை. மானியத்தோடு சேகரிப்பையும் கட்டாயமாக்கியே ஆக வேண்டும்.

கரும்புச் சோகை, வைக்கோல், தென்னை மட்டை என்று நம்மிடம் மூடாக்கு வகைகள் உண்டு. மட்கி உரமாகும். ஆனால் பெரிய பரப்புக்குப் போதாது, ஆள்கூலியும் கூடும். ஆனாலும் கொஞ்ச இடத்தையாவது அந்த மூடாக்குக்கு ஒதுக்குங்கள். ஷீட் போட்டே ஆக வேண்டுமென்றால் கனமானதாக வாங்குங்கள். அறுவடை முடிந்த வாரமே, மண் ஈரமாக இருக்கும்போது ஓரத்தோடு தூக்கிவிடுங்கள். தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.